மேட்ச் பார்க்காத ஏலக்காரர்

மீன் மார்க்கெட்டில் ஏலம் விடுகிறவர் என்பதால் அவருக்குப் பெயரே ஏலம்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டைக்கும் மாமியாருக்கும் மட்டும் தெரியும். கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கிரேட் மேல் ரப்பர் பூட்ஸோடு ஏறி நின்று அவர் வாயைத் திறந்தால், மார்க்கெட்டின் அந்தக் கோடியில் ஐஸ் உடைக்கிற மெஷின் சத்தத்தையும் தாண்டி விலை போய்ச் சேரும். சாதாரணமாகப் பேசுவதும் அதே குரலில்தான். இவர் வீட்டில் உப்பு கேட்டால் எதிர்வீட்டுக்காரி எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள் என்று அவருடைய மனைவி சொல்வார்.

அப்படி ஒரு தொண்டையை எங்கள் ஊர் கால்பந்து அணி சும்மா விடுமா? வடக்கு கேலரியில், மைதானத்தை ஒட்டி, இடுப்பளவுக்கு ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது. கம்பியை ஒட்டினாற்போல் சின்னதாக ஒரு சிமெண்ட் மேடை. அதில் ஏறி, முதுகைக் கம்பியில் சாய்த்து, எங்களைப் பார்த்து நிற்பவர்தான் கேலரிக்குத் தலைவர். அவர் ஒரு வரி எடுத்துக் கொடுப்பார், நாங்கள் வாங்கிக் கத்துவோம். அந்த இடம் பல வருஷமாக ஏலத்துடையது.

கம்பியில் நிற்பவருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. ஆட்டம் நடக்கும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் நமக்கு கோல் விழும். யார் போட்ட சட்டம் என்று கேட்காதீர்கள், கேட்டவனை கேலரியில் உட்காரவிட மாட்டார்கள். ஒருமுறை ஏலத்துக்குத் தும்மல் வந்து, மரியாதைக்காக முகத்தைப் பாதி திருப்பினார். அதே நொடியில் எதிரணிக்கு பெனால்டி. அதற்குப் பிறகு அவர் தும்முவதெல்லாம் எங்கள் முன்வரிசை மேல்தான்.

ஆக, அத்தனை மேட்சுக்கும் வந்தவர் ஒரு மேட்ச்கூடப் பார்த்ததில்லை. அவர் பார்த்தது எங்கள் மூஞ்சியை. அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை, ஏனென்றால் மார்க்கெட்டிலும் அவருக்குப் பிழைப்பு அதுதான். மீன் பின்னால் கிடக்கும், வியாபாரிகள் முன்னால் நிற்பார்கள். ஒருவர் புருவத்தைத் தூக்குவார், ஒருவர் காதைச் சொறிவார், ஒருவர் எனக்கென்ன என்று மோட்டுவளையைப் பார்ப்பார். மோட்டுவளையைப் பார்க்கிறவருக்குத்தான் அந்தக் கூடை மேல் உயிர் என்று ஏலத்துக்குத் தெரியும். கேலரியிலும் அப்படியே. வாய் பிளந்தால் கார்னர். கை தலைக்குப் போனால் பந்து வெளியே. எல்லா மூஞ்சியும் ஒரே நேரத்தில் கரண்ட் போன வீடு மாதிரி ஆனால், கோல் வாங்கியாகிவிட்டது.

இந்த நிலையில்தான் எங்களுக்கு இப்போதைய கோச் வந்து சேர்ந்தார். மடிப்புக் கலையாத சட்டை, படிய வாரிய தலை, வாயில் எப்போதும் மெல்லுகிற சூயிங்கம். தோற்றுவிட்டுப் பத்திரிகைக்காரர்கள் முன்னால் உட்கார்ந்து, கோயில் அர்ச்சகர் மாதிரி கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, ஆட்டம் நம்ம கையிலதான் இருந்துச்சு, ரிசல்ட்தான் இல்ல என்பார். அடுத்த வாரமும் தோற்றுவிட்டு அதையே சொல்வார். சாம்பார் நன்றாகத்தான் இருந்தது, உப்பும் புளியும் பருப்பும்தான் இல்லை என்கிற சமையல்காரரை எந்த வீட்டில் வைத்துக்கொள்வார்கள்? எங்கள் கிளப் வைத்துக்கொண்டிருந்தது.

கேலரி முழுக்க அவரை வெறுத்தது, ஏலம் ஒருவரைத் தவிர. காரணம் இதுதான். பதவியேற்ற புதிதில் ஒரு மேட்ச் ஜெயித்தார்கள். விசில் ஊதியதும் கோச் கம்பி வரைக்கும் நடந்து வந்து, ஏலத்தின் முதுகில் தட்டி, உங்க குரல் எனக்கு நெஞ்சுல கேட்டுச்சு என்று சொல்லிவிட்டுப் போனார். ஏலம் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆள் போய்விட்டார். ஆனாலும் அந்தத் தட்டலை ஏலம் பத்திரமாக வைத்துக்கொண்டார். மார்க்கெட்டில் மத்தி மீன்களுக்குக்கூட அந்தக் கதை மனப்பாடம்.

பேட்டரிக் கடைக்கு மேலே உள்ள ரசிகர் மன்றத்து அறையில் கூட்டம் போட்டார்கள். ஆசிட் வாசனை, அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் தோல் கிழிந்த டிரம். பேச்சு ஒன்றே ஒன்று. அடுத்த மேட்சில் கேலரி முழுக்க “கோச் வெளியே” என்று கத்த வேண்டுமா, வேண்டாமா.

மருந்துக்கடைக்காரர் முதலில் எழுந்தார். மாத்திரையை எண்ணி உறையில் போடுகிற அதே குரலில், தான் யாரையும் வேலையை விட்டுத் தூக்கச் சொல்லவில்லை என்றும், கோச்சுக்கு ஓய்வு தேவைப்படுகிறது என்றும், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் நிரந்தரமாக ஓய்வு கொடுத்தால் அணி பிழைக்கலாம் என்றும் சொன்னார். அடுத்தவர் டீச்சர். குழந்தைகள் பள்ளியில் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறவர். கேலரியிலேயே மோசமான வாய் அவருடையது. அவர் சொன்னதில் அச்சில் ஏற்றக் கூடியது, கோச்சின் தாத்தாவுக்குக் கல்யாணம் ஆனதே தப்பு என்பது மட்டும். இன்னும் ஒருவர், கோச்சை அனுப்பிவிட்டு அந்த இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டால் போதும், நாற்காலி தப்பான ஆளை உள்ளே அனுப்பாது என்றார்.

பிறகு ஐஸ் எழுந்தான். ஐஸ் என்பது மார்க்கெட்டில் ஐஸ் உடைக்கிற மெஷின் ஓட்டுகிறவன். கேலரியில் டிரம் அடிக்கிறவனும் அவன்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் ஏலத்தின் மனைவிக்குத் தம்பி. அக்கா புருஷன் என்ற மரியாதையில் அதுவரை ஏலத்தை நீங்க, வாங்க என்றுதான் பேசுவான். அவன் அன்றைக்குச் சொன்னது, கோஷத்தை எடுத்துக் கொடுக்க வேண்டியது மாமாதான், அவர் எடுத்தால்தான் கிளப் இயக்குநர்கள் உட்காரும் கண்ணாடி அறை வரைக்கும் கேட்கும் என்பது.

ஏலம் முடியாது என்றார். ஏன் என்று கேட்டதற்கு, கோச் மேல் தப்பில்லை, நமக்கு நேரம் சரியில்லை என்றார். அதோடு விட்டிருக்கலாம்.

“போன மேட்சையே எடுத்துக்கங்க. தோத்தோம், சரி. ஆனா ரெண்டாவது பாதி பூரா ஆட்டம் எப்படி இருந்துச்சு? நான் பாத்தேன்ல. எல்லாரும் சிரிச்சுக்கிட்டே இருந்தீங்க, கை தட்டிக்கிட்டே இருந்தீங்க.”

கீழே பேட்டரிக் கடையில் யாரோ ஸ்பேனரைக் கீழே போட்டது கேட்டது.

“மாமா, நம்ம கோல்கீப்பர் பந்தைக் கையில வச்சுக்கிட்டே தடுக்கி விழுந்து நம்ம கோலுக்குள்ளயே உருண்டு போனான். அதுக்குத்தான் சிரிச்சோம்” என்றான் ஐஸ்.

“கை தட்டினீங்களே?”

“அவங்க ஆறாம் நம்பருக்கு. அழுது அழுது அலுத்துப்போச்சு, நல்லா ஆடறவனையாவது பாராட்டலாம்னு.”

ஏலம் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வழக்கமாக அவருக்குப் படிக்கக் கிடைக்கிற முகங்கள்தான். அன்றைக்கு எங்கே தொட்டுப் படிப்பது என்று தெரியாதவர் மாதிரி இருந்தார்.

“நீ கடைசியா மேட்ச் எப்ப பாத்த மாமா?” என்று கேட்டான் ஐஸ்.

கேள்வியைவிட அந்த ‘நீ’தான் ஏலத்துக்கு உறைத்தது. அக்காவைக் கட்டிக் கொடுத்த நாளிலிருந்து வராத வார்த்தை. அந்தக் கம்பியில் நின்று ஒருத்தனை வெளியே போ என்று கத்த மாட்டேன், யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள் என்றார் ஏலம்.

“அப்ப எறங்கு” என்றார் டீச்சர். குழந்தையை ஊஞ்சலை விட்டு இறங்கச் சொல்கிற குரல்தான், ஆனால் குழந்தைகள்கூட அதற்குப் பிறகு ஏற மாட்டார்கள்.

கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினோம். கம்பி ஐஸுக்குப் போனது. ஏலம் தன் நாற்காலியை மட்டும் மடக்கி மூலையில் வைத்துவிட்டுப் படியிறங்கினார். மடக்க முடியாத நாற்காலி அது, கால் உடைந்துவிட்டது.

அக்கா குடும்பமும் தம்பி குடும்பமும் ஒரே மாடியில், ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக் கதவுகளும் மாறி மாறிச் சாத்திக்கொண்டன. மாமாவும் மச்சானும் நேராகப் பேசுவதை நிறுத்தி, எல்லாவற்றையும் அக்கா வழியாக அனுப்பினார்கள். அக்கா ஒரு ஹோட்டலில் துணி துவைக்கிற பிரிவில் வேலை செய்கிறவர். நாளெல்லாம் அடுத்தவர் அழுக்கை மெஷினில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கே இவர்கள் அழுக்கு. ஐஸ் சொல்லி அனுப்பியது சுருக்கமானது: மாமா ஒரே ஒரு தடவை “கோச் வெளியே” என்று எடுத்துக் கொடுக்கட்டும், கம்பி மறுபடி அவருக்கே. அக்கா அதை இப்படிக் கொண்டு வந்தார்: “ஏங்க, ரெண்டே வார்த்தை. நீங்க தூக்கத்துல பேசறதுல பாதிகூட இல்ல. கத்திட்டு வந்தீங்கன்னா நானும் ரெண்டு வீட்டுக்கும் நடக்காம நிம்மதியா படுப்பேன்.”

முடியாது என்றார் ஏலம். அந்த மனுஷன் என் முதுகில் தட்டிப் பேசினவர் என்றார்.

“அந்தக் கோச்சு உங்களுக்குச் சித்தப்பா பையனா? அவரு ஒரு தடவை தட்டினாராம், இவரு உருகிட்டாராம். கல்யாணம் ஆனதுலேர்ந்து இருமல் வரும்போதெல்லாம் நான்தான் தட்டறேன். எனக்கு எந்த கேலரியில கோஷம் போட்டீங்க?”

மார்க்கெட்டில் இன்னும் மோசம். மீன் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் வடக்கு கேலரிக்காரர்கள். அவர்களுக்கு ஏலத்தின் வித்தை தெரியும், அதனால் அதையே பிடுங்கிக்கொண்டார்கள். கிரேட் மேல் அவர் ஏறியதும் ஒருவர் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டார். ஒருவர் செய்தித்தாளை விரித்து அதற்குப் பின்னால் போய்விட்டார், அதுவும் விளையாட்டுப் பக்கம், அதில் கோச்சின் படம். மூஞ்சி இல்லாத கூட்டத்துக்கு எப்படி விலை ஏற்றுவது? ஏலம் கத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு முழுக் கூடை கானாங்கெளுத்தியை, கொசு அடிக்கக் கை தூக்கிய சைக்கிள்காரர் தலையில் கட்டிவிட்டார். அவர் மீனே சாப்பிடாதவர். ஐஸ் தன் பங்குக்கு, ஏலத்தின் கூடைகளுக்கு மட்டும் பெரிய பெரிய கட்டிகளாகப் போட்டு அனுப்பினான், பொடித்துப் போட மெஷின் சரியில்லை என்று. மெஷின் நன்றாகத்தான் இருந்தது, மச்சான்தான் சரியில்லை.

வீட்டோடு கிடப்பார் என்று நினைத்தோம். மேட்ச் அன்றைக்கு வந்துவிட்டார். வீம்புக்கு வந்தார் என்பது நடையிலேயே தெரிந்தது. கம்பிப் பக்கம் போகாமல் நேராக மேலே ஏறி, கடைசி வரிசையில் மருந்துக்கடைக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முதலில் எங்களைப் பார்க்கத்தான் தலையைத் திருப்பினார், பழக்க தோஷம். பிறகுதான் மைதானம் எதிரில் இருப்பது நினைவுக்கு வந்தது.

கம்பியில் ஐஸ் ஏறி, முதுகைச் சாய்த்து, கோச் வெளியே என்று எடுத்தான். கேலரி வாங்கிக்கொண்டது. ஏலம் அதற்கு வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் மருந்துக்கடைக்காரர் கத்தும்போதெல்லாம் ஏலம் அவரிடம், பொறுமை வேண்டும், கோச் மனதில் ஏதோ திட்டம் வைத்திருப்பார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வைத்திருப்பார், பெட்டியைவிட்டு வெளியே எடுக்கவில்லை அவ்வளவுதான் என்றார் மருந்துக்கடைக்காரர்.

முதலில் ஏலத்தை உடைத்தது எட்டாம் நம்பர். “எட்டு வருது, எட்டிப் போ” என்று அவனுக்காக ஏலம் கட்டிய கோஷத்தை நாங்கள் பல சீசனாகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறோம். எட்டு எப்படி வருகிறான் என்று அன்றைக்குத்தான் அவர் பார்த்தார். எட்டு வரவில்லை. பந்து ஒரு பக்கம் போக, எட்டு சாப்பிட்ட பிறகு மொட்டை மாடியில் நடக்கிற மாமனார் மாதிரி மறு பக்கம் நடந்துகொண்டிருந்தான். இவன் எப்போதும் இப்படியா என்று கேட்டார் ஏலம். இன்றைக்குக் கொஞ்சம் சுறுசுறுப்பு என்றார் மருந்துக்கடைக்காரர்.

எதிரணிக்கு கார்னர் கிடைத்தது. அடித்தார்கள், கோல். கொஞ்ச நேரத்தில் அதே மூலையிலிருந்து இன்னொரு கார்னர், அதே உயரமான பையன், அதே இடத்தில் தனியாக நின்று, அதே தலையால் முட்டினான், மறுபடி கோல். நடுவில் யாரும் அவன் பக்கத்தில்கூடப் போய் நிற்கவில்லை. ஏலம் பொறுமையைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார். கையில் இருந்த தொப்பியைக் கசக்க ஆரம்பித்தார்.

எங்கள் அணியில் ஓடியவன் ஒரே ஒருத்தன், இடது ஓரத்தில் ஆடிய ஒல்லிப் பையன். பந்து கிடைக்காவிட்டாலும் ஓடினான், கிடைத்தாலும் ஓடினான். ஏலத்துக்கு அவன் மேல் கண் விழுந்துவிட்டது. இந்தப் பையனுக்கு நான் ஒரு வரிகூடக் கட்டவில்லையே என்று மருந்துக்கடைக்காரரிடம் புலம்பினார். அப்போதுதான் எல்லைக்கோட்டில் மாற்று ஆளுக்கான பலகையைத் தூக்கினார்கள். வெளியே வர வேண்டியது அந்த ஒல்லிப் பையன். எட்டு உள்ளேயே இருக்கலாம்.

ஏலம் எழுந்து நின்றார்.

“யோவ் கோச்சு, ஓடற ஒரே பையனை எதுக்குய்யா எடுக்கற?”

அது மார்க்கெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகிற குரல். கோஷம் நின்றது. கேலரி நின்றது. வெளியே வந்துகொண்டிருந்த ஒல்லிப் பையனும் ஒரு நொடி நின்றான். மெல்லுவதை நிறுத்திவிட்டு கோச் நிமிர்ந்து கேலரியைப் பார்த்தார். நெஞ்சில் கேட்ட குரலுக்குச் சொந்தக்காரர் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. பார்வை ஏலத்தின் மேல் வந்தது, நிற்காமல் தாண்டிப் போனது. அவர் தட்டியது முதுகை, மூஞ்சியை அவர் பார்த்ததே இல்லை.

ஆனால் ஏலம் பார்த்துவிட்டார். முகம் படிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த முகத்தில் திட்டம் ஒன்றும் இல்லை. மீன் வாங்கப் புதிதாக வந்து, எது சங்கரா எது கிழங்கான் என்று தெரியாமல், பக்கத்து ஆள் தலையாட்டினால் தானும் ஆட்டிவைக்கிற வியாபாரியின் முகம். அப்படிப்பட்டவர்களை ஏலம் நிறையப் பார்த்திருக்கிறார். சொல்லப்போனால் அவர்களை வைத்துத்தான் அவருக்கு வீடு ஓடுகிறது.

அதற்குப் பிறகு அவர் உட்காரவில்லை. கோச்சின் சட்டையில் ஆரம்பித்து, படிய வாரிய தலையைத் தொட்டு, மெல்லுகிற பல் வரைக்கும் வந்தார். எட்டை விட்டுவைக்கவில்லை. எட்டை வாங்கிய இயக்குநர்களையும் விடவில்லை. கண்ணாடி அறைக்குள் ஒருவர் திரையை இழுத்து மூடினார். டீச்சரே திரும்பி, வாயில் கை வைத்துப் பார்த்தார்.

கம்பியில் ஐஸ் தவித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை, திரும்பவும் கூடாது. எங்கள் மூஞ்சியைப் பார்த்து ஒன்றும் புரியாமல், கோலா, ரெட் கார்டா, என்னதான்டா ஆச்சு என்று முன்வரிசையைக் கேட்டுக்கொண்டே இருந்தான். தொண்டை ஏற்கெனவே போய்விட்டது, காற்றுதான் வந்தது. ஒரு கட்டத்தில் மேடையிலிருந்து குதித்து, படிகளில் ஆட்களைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறி வந்து, ஏலத்துக்கு நேர் எதிரில் மூச்சு வாங்க நின்றான்.

“மாமா, வாங்க. நீங்களே வந்து நில்லுங்க. இப்ப நீங்களும் நம்ம பக்கம்தானே? நீங்க எடுத்தாத்தான் எடுபடும்.”

மறுபடியும் ‘நீங்க’. கீழே கம்பியும் மேடையும் காலியாக இருந்தன. அந்த ஒரு இடத்துக்காக வீட்டிலும் மார்க்கெட்டிலும் அவர் என்ன பாடுபட்டார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், அதில் பாதியைக் கொடுத்ததே நாங்கள்தான். அதனால் வரிசையாக எழுந்து வழிவிட்டோம். மருந்துக்கடைக்காரர் தன் முழங்காலைக்கூட மடக்கிக்கொண்டார்.

ஏலம் கம்பியைப் பார்க்கவில்லை. ஐஸின் இடது தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார், பிறகு வலது தோளுக்கு மேலே. அந்த மூலையில் எதிரணிக்கு இன்னொரு கார்னர் கிடைத்திருந்தது. உயரமான பையன் தனியாக நின்றுகொண்டிருந்தான்.

“தள்ளுடா, மறைக்குது” என்றார்.

“மாமா, கம்பி காலியா இருக்கு.”

“இருக்கட்டும். நான் அங்க போய் உங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நின்னா, தனியா நிக்கற அந்த நெட்டையனை யாருடா பாத்துக்கறது? தள்ளு.”

ஐஸ் தள்ளவில்லை. ஏலமே தள்ளினார்.